பூ மழை தவறினால் டிகாஷன் மாறுமா? உங்கள் காபிக்குப் பின்னால் இருக்கும் ஒரு வருட வானிலை

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கமோ, தி.நகரிலோ, அடையாறிலோ, வழக்கமான கடையில் வழக்கமான கலவையைத்தான் வாங்குகிறீர்கள். பிளான்டேஷன் ஏ பாதி, பீபெரி பாதி, கொஞ்சம் சிக்கரி. ஃபில்டர் அதே, பால் அதே. ஆனாலும் ஒருநாள் காலையில் வீட்டில் யாராவது கேட்பார்கள்: "என்ன, காபி கொஞ்சம் வேற மாதிரி இருக்கே?"

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டுவதற்கு முன், குடகு, சிக்கமகளூரு, ஏற்காடு மலைகளில் போன வருடம் எப்போது மழை பெய்தது என்று பார்த்துவிடலாம்.

ஒயினுக்கு மட்டும்தான் வருடமா?

பிரான்ஸ் ஒயின் பாட்டிலில் திராட்சை அறுவடையான ஆண்டை அச்சடிப்பார்கள். ஒரே தோட்டம், ஒரே கொடி என்றாலும் வெயிலும் மழையும் வருடத்துக்கு வருடம் மாறும், சுவையும் மாறும். 2021 ஏப்ரலில் துளிர்விட்ட கொடிகளைக் கடும் உறைபனி கருக்கியதில், அந்த ஆண்டு பிரான்ஸில் ஒயின் உற்பத்தியே சரிந்தது.

காபியும் பழம்தான். நாம் வறுத்து அரைப்பது அந்தப் பழத்தின் கொட்டையை. திராட்சைக்கு உள்ள அத்தனை வானிலைப் பிரச்சினையும் இதற்கும் உண்டு. பாக்கெட்டில் வருடம் போடுவதில்லை, அவ்வளவுதான்.

பூ மழை என்றால் என்ன?

குளிர்காலம் முடிந்ததும் காபிச் செடிக்குச் சில வாரம் வறட்சி வேண்டும். மொட்டுகள் அப்போது தூக்கத்தில் இருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் ஒரு நல்ல மழை, அதாவது சுமார் 25 முதல் 40 மில்லிமீட்டர், பெய்தால் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒரு வாரம், பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து, மல்லிகை போல மணக்கும். இதைத் தோட்டக்காரர்கள் ‘பிளாசம் ஷவர்’ என்பார்கள்.

இதில்தான் சிக்கலே. தூறலோடு நின்றால் மொட்டு முழுதாக விரியாது. பூ விரிந்த அன்றைக்கே கொட்டினால் மகரந்தம் கழுவிக்கொண்டு போய்விடும். அராபிகா தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். ரொபஸ்டாவுக்கோ காற்றும் தேனீயும் பக்கத்துச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவர வேண்டும். அதனால் அதற்குப் பாதிப்பு அதிகம்.

பூத்து இரண்டு, மூன்று வாரத்தில் இன்னொரு மழை வேண்டும். பிஞ்சு நிற்பது அந்த மழையால்தான். வசதி உள்ளவர்கள் ஸ்பிரிங்ளர் போட்டுச் சமாளிப்பார்கள். தண்ணீர் இல்லாத சிறு விவசாயிக்கு வானம்தான் கதி.

சுவை எங்கே மாறுகிறது?

முதலில், பழுக்கும் வேகத்தில். மலையின் குளிரில் பழம் மெதுவாகப் பழுத்தால் கொட்டை கெட்டியாகும், மணம் கூடும். வெயில் அதிகமானால் சீக்கிரம் பழுத்து, கொட்டை லேசாகிவிடும்.

அடுத்து, ஒரே சீராகப் பழுப்பதில். பூ மழை விட்டுவிட்டுப் பெய்தால் பூவும் தவணை முறையில் பூக்கும். ஒரே கிளையில் சிவந்த பழமும் பச்சைக் காயும் சேர்ந்து நிற்கும். பழத்தை மட்டும் பொறுக்க ஆள் கூலி கட்டாது. சேர்த்துப் பறித்தால் டிகாஷனில் காரல் தட்டும்.

கடைசியாக, அறுவடையில். அராபிகாவை நவம்பர் தொடங்கி ஜனவரி வரை பறிப்பார்கள். அப்போது மழை வந்தால் பழம் வெடிக்கும், உதிரும். களத்தில் காயப்போட்டதும் நனையும். ஈரப்பதம் 10, 11 சதவீத அளவுக்கு இறங்காவிட்டால் பூஞ்சை பிடித்து, பழைய சாக்கு வாசனை வந்துவிடும். 2021 நவம்பர் மழையில் கர்நாடகத் தோட்டங்களில் இப்படித்தான் பழம் உதிர்ந்தது.

அப்படியானால் பீபெரி?

சாதாரணமாக ஒரு பழத்துக்குள் இரண்டு தட்டைக் கொட்டைகள் இருக்கும். அதில் ஒன்று வளராமல் போனால் மிஞ்சியது உருண்டையாக வளரும். அதுதான் பீபெரி. மகரந்தச் சேர்க்கை சரியாக அமையாதது இதற்கு ஒரு காரணம். செடியின் ஒரு சின்னத் தடங்கலைத்தான் நாம் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம்!

விலை ஏறுவதற்கும் மழைக்கும் என்ன தொடர்பு?

நம் மழை மட்டும் கணக்கில்லை. இந்தியக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. அதனால் உள்ளூர் விலையும் உலகச் சந்தையின் பின்னாலேயே ஓடும். காபி உற்பத்தியில் முதலிடத்தில் உள்ள பிரேசிலிலும் இரண்டாமிடத்தில் உள்ள வியட்நாமிலும் 2024இல் வறட்சி. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டிச் சாதனை படைத்தது. மாம்பலத்தில் கால் கிலோ தூளின் விலை ஏறியதற்குக் காரணம் அங்கிருந்தே தொடங்குகிறது.

கடைக்காரர் என்ன செய்கிறார்?

பெரும்பாலான ஷாம்பெயின் பாட்டில்களில் வருடம் இருக்காது. பல வருட ஒயினைக் கலந்து, சுவை மாறாமல் காப்பாற்றுகிறார்கள். நம் காபித்தூள் கடைகளும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு தோட்டத்துக் கொட்டை மந்தமாக இருந்தால் இன்னொன்றைச் சேர்த்து, வறுவலைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து ஈடுகட்டுகிறார்கள். விலை எகிறும் வருடங்களில் ரொபஸ்டாவும் சிக்கரியும் கூடும் ஆசை வருவதும் உண்டு. சட்டப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பாக்கெட்டில் அந்த விகிதம் அச்சாகியிருக்கும், பாருங்கள்.

எனவே அடுத்தமுறை சுவை மாறினால், "இப்போ எந்த ஊர்க் கொட்டை? ரொபஸ்டா எவ்வளவு?" என்று கடையில் கேளுங்கள். நல்ல கடைக்காரர் சந்தோஷமாகச் சொல்வார். சென்னை ஈரக்காற்றுக்குத் தூள் சீக்கிரம் மணம் இழக்கும் என்பதால் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

மார்ச் மாதம் குடகில் மழை என்று போனில் செய்தி வந்தால் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். அடுத்த வருட டம்ளரில் விழப்போவது அந்த மழைதான்.