உங்களுக்குத் தெரியுமா? இணைய ஆங்கிலமும் நாமும்

இணையத்தில் ஆங்கிலத்தில் நான்கு வரி தட்டிவிட்டு, பிழை இருக்குமோ, யாராவது சிரிப்பார்களோ என்று அழித்துவிட்டுப் போகிறவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்காகவே இந்தத் துணுக்குகள்.

நால்வரில் மூவர்
உலகில் ஆங்கிலம் அறிந்தவர்கள் சுமார் 150 கோடிப் பேர். அவர்களில் அதைத் தாய்மொழியாகப் பேசுவோர் சுமார் 40 கோடிதான். ஏறக்குறைய நால்வரில் மூவர், நம்மைப் போலவே அதைப் படித்துக் கற்றவர்கள்!

லினக்ஸ் பிறந்த கதை
1991 ஆகஸ்ட் 25. தான் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகவும், அது வெறும் பொழுதுபோக்கு என்றும் ஹெல்சின்கி மாணவர் ஒருவர் ஆங்கிலத்தில் அறிவித்தார். அவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அந்தப் பொழுதுபோக்குதான் லினக்ஸ். பின்லாந்துக்காரரான அவருடைய தாய்மொழி ஸ்வீடிஷ்.

அரட்டைக்கு அடித்தளம்
வாட்ஸ்அப், டிஸ்கார்டு எல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே உலகத்தை அரட்டை அடிக்க வைத்தது ஐ.ஆர்.சி. 1988-ல் அதை உருவாக்கிய யார்க்கோ ஒய்காரினெனும் பின்லாந்துக்காரரே. பைத்தான் நிரல்மொழியைத் தந்த கீடோ வான் ராசம் நெதர்லாந்துக்காரர். இணையக் கலாசாரத்தின் தூண்கள் பலவற்றை நட்டவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழியே அல்ல.

128 இடங்கள்
தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1963-ல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி குறியீட்டில் இருந்தவை மொத்தம் 128 இடங்கள். ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள், சில கட்டளைக் குறிகள், அவ்வளவுதான். 1991-ல் வெளியான யூனிகோடில்தான் தமிழுக்கு உலகப் பொதுவான இடம் கிடைத்தது. அதுவும் எல்லாக் கணினிக்கும் கைபேசிக்கும் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை கையில் இருந்த எழுத்தை வைத்துச் சமாளித்தோம். அரபு மக்களும் அப்படித்தான். ஆங்கிலத்தில் இல்லாத தங்கள் ஒலிகளுக்கு 3, 7 போன்ற எண்களை எழுத்தாக்கிக்கொண்டார்கள்.

555 என்றால் சிரிப்பு
தாய்லாந்து நண்பர் பதிலுக்கு 555 என்று அனுப்பினால் தொலைபேசி எண் என்று நினைக்காதீர்கள். தாய் மொழியில் ஐந்துக்கு 'ஹா' என்று பெயர். மூன்று ஐந்து சேர்ந்தால் 'ஹா ஹா ஹா'! பிரேசிலில் 'கே' எழுத்தை வரிசையாகத் தட்டுவார்கள். ஜப்பானில் 'டபிள்யூ' எழுத்துதான் சிரிப்பு.

முதலில் எழுதியவரே விளக்கினார்
ஓ.எம்.ஜி. என்பது கைபேசிக் காலத்துச் சுருக்கம் இல்லை. பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் ஜான் ஃபிஷர் 1917-ல் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே அது இருக்கிறது. சுருக்கத்தை எழுதிய கையோடு 'ஓ மை காட்' என்ற அதன் விரிவையும் அடைப்புக்குறிக்குள் தந்திருக்கிறார். சர்ச்சிலுக்கே விளக்கம் தேவைப்படலாம் என்று அவர் நினைத்தார் போலும். புரியாத சுருக்கத்துக்குப் பொருள் கேட்க நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

சிரிப்புக்குறி எதற்கு வந்தது?
1982-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டதாக ஒருவர் வேடிக்கையாக எழுதினார். சிலர் அதை உண்மையான எச்சரிக்கை என்றே எடுத்துக்கொண்டார்கள். இந்தக் குழப்பத்துக்கு மருந்தாக ஸ்காட் ஃபால்மன் செப்டம்பர் 19 அன்று முன்வைத்ததுதான் :-) என்ற குறி. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் எழுத்தில் கேலி எது, நிஜம் எது என்று தெரியவில்லை! இன்று கிண்டலாகச் சொன்னதன் கடைசியில் ஒரு சாய்கோடும் 'எஸ்' எழுத்தும் போடுகிறார்கள். பார்த்தால் உடனே கோபப்படாதீர்கள். எழுதியவர் விளையாட்டாகச் சொல்கிறார்.

முற்றுப்புள்ளி சொல்லும் சேதி
'ஓகே' என்று அனுப்புவதற்கும், அதன் பின்னால் ஒரு புள்ளி வைத்து அனுப்புவதற்கும் வித்தியாசம் உண்டா? உண்டு. அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகம் 126 மாணவர்களிடம் ஆய்வு நடத்தி, 2015-ல் முடிவை வெளியிட்டது. அழைப்புக்கு ஒரே சொல்லில் வரும் பதிலின் இறுதியில் புள்ளி இருந்தால், அதில் மனப்பூர்வம் குறைவு என்று அவர்கள் கருதினார்கள். அதே பதில் கையெழுத்தில் இருந்தபோது இந்த வேறுபாடு இல்லை. பள்ளியில் ஒழுங்காகக் கற்ற நிறுத்தக்குறி, அரட்டையில் முகம் கொடுக்காமல் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. முழுக்கப் பெரிய எழுத்தில் தட்டினால் கத்துவதாக அர்த்தம். இவை இலக்கணப் புத்தகத்தில் இல்லாத விதிகள்; கவனித்தால் சில வாரங்களில் பிடிபட்டுவிடும்.

பிழையே புகழானது
'உங்கள் தளங்கள் எல்லாம் எங்கள் வசம்.' 'ஜீரோ விங்' என்ற ஜப்பானிய வீடியோ விளையாட்டின் ஐரோப்பியப் பதிப்பு இதைத் தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் சொன்னது. 1990-களின் தொடக்கத்தில் வந்த அந்த வரி, 2001 வாக்கில் ஆங்கில இணையம் முழுக்கப் பரவியது. இணையத்தின் ஆரம்பகால மீம்களில் தலையாய ஒன்று, ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஒருவர் எழுதிய வரி!

மே 4? ஏப்ரல் 5?
04/05 என்று நாம் எழுதினால் மே 4. அமெரிக்கர் படித்தால் ஏப்ரல் 5. மாதத்தின் பெயரை எழுதிவிட்டால் வம்பில்லை. 1,00,000 என்று நாம் காற்புள்ளி போடும் முறையும் அவர்களைக் குழப்பும். லட்சம், கோடியை மில்லியனாக மாற்றிச் சொல்லுங்கள். 'ஐ ஹேவ் எ டவுட்' என்று தொடங்காமல் 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று தொடங்குங்கள். நம் ஊர் 'டவுட்' அவர்களுக்கு நம்பிக்கையின்மையாகப் படும்.

எளிய ஆங்கிலத்தில் விக்கிப்பீடியா
ஆங்கில விக்கிப்பீடியா கடினமாக இருக்கிறதா? 'சிம்பிள் இங்கிலீஷ்' என்ற தனி விக்கிப்பீடியா 2001 முதலே இயங்குகிறது. குட்டி வாக்கியங்கள், அன்றாடச் சொற்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

அநியாயமான தீர்ப்பு
இது மனதை வருத்தும் செய்தி. ஒரு கட்டுரையை மனிதர் எழுதினாரா, செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் 7 கருவிகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் சோதித்தார்கள். டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காக, ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் சொந்தமாக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை 'இயந்திரம் எழுதியது' என்றன அந்தக் கருவிகள்! அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை ஏறக்குறைய எல்லாமே சரியாகக் கணித்தன. காரணம், அடுத்த சொல்லை எளிதில் ஊகிக்க முடிந்தால் அது இயந்திரத்தின் எழுத்து என்று இவை முடிவு கட்டுகின்றன. தெரிந்த சொற்களைக் கொண்டு நேராக எழுதுவது நம் இயல்பு. உழைத்து எழுதிய பிள்ளைமீது திருட்டுப் பட்டம் சுமத்துவது கொடுமை. எழுதுகிறவர்கள் தங்கள் வரைவுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆசிரியர்களே, கருவி சொன்னதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்காதீர்கள்.

விஞ்ஞானிகளுக்கும் இதே பாடு
8 நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் ஆய்வாளர்களிடம் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. மொழியைக் காரணம் காட்டிக் கட்டுரை நிராகரிக்கப்படுவது, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்குச் சுமார் இரண்டரை மடங்கு அதிகம். ஆங்கிலத்தைத் திருத்தி வரச் சொல்வது 12 மடங்குக்கும் மேல். இது அறிவின் குறை அல்ல, வாசலின் குறை. வாசலைத்தான் அகலமாக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று
உதவி கேட்கும்போது 'என் ஆங்கிலத்துக்கு மன்னிக்கவும்' என்று தொடங்குகிறீர்களா? அந்த வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே ஒட்டுங்கள். சின்னச் சின்ன வாக்கியம் போதும். இரண்டாவது மொழியில் துணிந்து எழுதுகிறவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. எழுதுங்கள், அனுப்புங்கள்!