எலும்பை நகர்த்தாத கைகள்

சிட்னியில் இடுப்பு வலியோடு வந்த 140 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பிசியோதெரபிஸ்டுகள் ஒவ்வொருவரையும் முறைப்படி பரிசோதித்தார்கள். முள்ளெலும்புகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்து, இவருக்கு எந்த விதமாக அழுத்தினால் குணம் தெரியும் என்று முடிவு செய்தார்கள். அதன் பிறகு குலுக்கல். பாதிப் பேருக்கு, சிகிச்சையாளர் தேர்ந்தெடுத்த அழுத்தமுறை கிடைத்தது. மீதிப் பேருக்குக் குலுக்கலில் விழுந்த ஏதோ ஒரு முறை. 2003இல் முடிவு வெளியானது. சிகிச்சை முடிந்த கையோடு அளந்து பார்த்தபோது இரு பிரிவினருக்குமே வலி குறைந்திருந்தது. ஏறக்குறைய ஒரே அளவுக்கு.

இதைப் படித்துவிட்டு, மேனுவல் தெரபி எனப்படும் கைச்சிகிச்சையே பொய் என்று தூக்கி எறிவது அவசர புத்தி. வலி குறைந்ததும் அதே ஆய்வில்தான் பதிவாகியிருக்கிறது. ஆட்டம் கண்டது, வலி ஏன் குறைகிறது என்பதற்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவந்த காரணம்.

அந்தக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'எலும்பு விலகியிருக்கு, தட்டி உட்கார வெச்சுட்டேன்.' அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874இல் ஆஸ்டியோபதி என்ற வைத்திய முறையை அறிவித்தபோதும், 1895இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பாமர், காது கேளாத ஒருவரின் முதுகில் இடம்பெயர்ந்த எலும்பைச் சரிசெய்து கேட்கவைத்ததாகச் சொல்லி கைரோபிராக்டிக்கைத் தொடங்கியபோதும், அடிப்படை அதுவே. நம் ஊரில் சுளுக்கு எடுப்பவரும் அதையேதான் சொல்கிறார். இரட்டைப் பிள்ளை பெற்றவள் காலால் நீவிவிட்டால் இடுப்புப் பிடிப்பு விடும் என்ற நம்பிக்கையைக் கேள்விப்படாத கிராமம் குறைவு.

இந்தக் கருத்தை நேரடியாகச் சோதித்தவர்கள் சுவீடன் நாட்டவர்கள். இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேரும் மூட்டு பிசகியிருப்பதாகக் கணிக்கப்பட்ட 10 நோயாளிகளின் எலும்புகளில், எக்ஸ்ரேயில் துல்லியமாகத் தெரியும் மிகச் சிறிய உலோகக் குண்டுகளைப் பதித்தார்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படமெடுத்தார்கள். கையால் தொட்டுப் பரிசோதித்தவர்கள், மூட்டு சரியான இடத்துக்கு வந்துவிட்டதாகக் கணித்தார்கள். 1998இல் வெளியான அந்த ஆய்வின் படங்களிலோ எலும்பின் நிலையில் எந்த மாற்றமும் இல்லை.

அப்படியென்றால் 'டக்' என்று கேட்கிறதே, அது என்ன? மூட்டுக்குள் பசை போன்ற திரவம் இருக்கிறது. மூட்டைச் சட்டென இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, திரவத்தின் நடுவே வாயு நிறைந்த ஒரு வெற்றிடம் உண்டாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, விரலைச் சொடுக்கும்போதே எம்ஆர்ஐ எடுத்து 2015இல் இதைக் காட்டியது. சொடுக்குச் சத்தம் எலும்பு இடத்தில் உட்கார்ந்ததற்கு அடையாளமாகாது. சத்தம் வரவில்லையே என்று சிகிச்சையாளர் மீண்டும் மீண்டும் முறுக்கத் தேவையும் இல்லை.

மேனுவல் தெரபி என்ற பெயருக்குள் பல வேலைகள் அடங்கும். மூட்டை மெதுவாக, திரும்பத் திரும்ப அழுத்தி அசைப்பது ஒன்று. ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெயிட்லண்ட் இதை ஒரு முறையாக வகுத்தார், அவருடைய நூல் 1964இல் வந்தது. சட்டென்று ஒரே தள்ளலாகத் தள்ளுவது இன்னொன்று. தசையைப் பிசைந்து நீவுவது மூன்றாவது. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற பெயரில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை சொல்லப்பட்டிருக்கிறது.

இவை வலியை எப்படிக் குறைக்கின்றன? இன்றைய விளக்கம் நரம்பு மண்டலத்தில் இருக்கிறது. தோலிலும் தசையிலும் மூட்டிலும் உள்ள உணர்நரம்புகள், அழுத்தத்தையும் இழுவையையும் தண்டுவடத்துக்குச் சொல்கின்றன. அந்தச் செய்திகள் வலிச் செய்திகளைச் சற்று அடக்குகின்றன. இறுகிக் கிடந்த தசை தளர்கிறது. இடுப்பை அசைத்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதை மூளையும் பதிவு செய்துகொள்கிறது. அக்கறையோடு ஒருவர் அரை மணி நேரம் தொட்டுக் கேட்டுப் பார்ப்பதற்கும் இதில் பங்குண்டு. அதை 'வெறும் மனசு' என்று ஒதுக்குவது சரியில்லை, வலி என்பதே நரம்பு மண்டலம் உருவாக்கும் அனுபவம்தான். 12 வாரங்களைத் தாண்டிய வலியைத்தான் நாள்பட்டது என்கிறார்கள். அதில் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு காயத்தையோ நோயையோ சுட்டிக்காட்ட முடிவதில்லை; பலருக்கு நரம்புகளே அளவுக்கு மீறி விழிப்பாக இருக்கின்றன.

ஆகவே எந்த விளக்கத்தை நோயாளியின் காதில் போடுகிறோம் என்பது மிக முக்கியம். 'டிஸ்க் நகர்ந்திருக்கு', 'எலும்பு தேய்ஞ்சு போச்சு', 'ஜவ்வு கிழிஞ்சிருக்கு' என்று கேட்டு வீடு திரும்பிய பெண், அதன் பிறகு தண்ணீர்க் குடத்தைத் தொடப் பயப்படுகிறாள். குனிய மாட்டாள், பேரனைத் தூக்க மாட்டாள். அசையாத முதுகு வலுவிழக்கிறது, வலி இன்னும் எளிதாக வருகிறது. வலியே இல்லாத 3,000க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, 50 வயதில் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானமும் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கமும் இருந்ததாகச் சொல்கிறது. தலைமுடி நரைப்பதைப் போன்ற ஒன்று, பலருக்குத் தீராத நோயின் பெயராகச் சொல்லப்படுகிறது.

உலகில் 2020இல் இடுப்பு வலியோடு வாழ்ந்தவர்கள் 61.9 கோடிப் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவர்களுக்குக் கையால் செய்யும் சிகிச்சை எவ்வளவு தூரம் உதவும்? ஓரளவுக்கு. 47 ஆய்வுகளையும் 9,000க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் தொகுத்து 2019இல் வெளியான கட்டுரை, முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சையின் பலன், பரிந்துரைக்கப்படும் மற்ற சிகிச்சைகளின் பலனுக்கு ஈடாக இருப்பதாகக் கண்டது. பிரிட்டனில் 1,334 பேரிடம் நடந்து 2004இல் வெளியான பெரிய ஆய்வில், கைச்சிகிச்சையும் தொடர்ந்து உடற்பயிற்சியும் பெற்றவர்களுக்கு மூன்று மாதத்தில் நடுத்தரமான பலன் இருந்தது. ஓராண்டில் அது சிறிதாகியிருந்தது. சிறியதென்றாலும், வருடக்கணக்காக வலியோடு இருப்பவருக்கு அது வேண்டாத பலன் ஆகிவிடாது. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் 2016இல் ஒரு நிபந்தனை வைத்தது: உடற்பயிற்சியும் சேர்ந்த சிகிச்சைத் திட்டத்தின் ஒரு பகுதியாக மட்டுமே மேனுவல் தெரபியைத் தரலாம்.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. உடற்பயிற்சி, நோயாளிக்கு விளங்கச் சொல்லுதல் ஆகியவற்றோடு, முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சையும் மசாஜும் ஏற்கத்தக்கவையாக அதில் இடம்பெற்றன. வேண்டாம் என்ற பட்டியலைத்தான் நம் ஊர் நோயாளிகள் கவனித்துப் படிக்க வேண்டும்: இடுப்பு பெல்ட், டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை. இயந்திரத்தை மாட்டிவிட்டுப் போய்விடும் கிளினிக்குகளில் தினமும் காசு வாங்கப்படுவது பெரும்பாலும் இவற்றுக்கே.

நல்ல சிகிச்சையாளர், கைவைத்து வலி தணிந்த அந்த வேளையை வீணாக்க மாட்டார். அப்போதே எழுப்பி நிறுத்திக் குனியச் சொல்வார், நடக்கவைப்பார், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று காட்டுவார். குடம் தூக்கப் பயப்படுபவரிடம் பாதிக் குடத்தில் தொடங்கச் சொல்வார். சில வாரங்களில் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் தன் சிகிச்சையை நிறுத்திக்கொள்வார். 'மாதா மாதம் வந்து எலும்பைச் சரிபண்ணிக்கணும்' என்று ஆயுளுக்கும் அழைப்பவரிடம், எதைச் சரிசெய்கிறீர்கள் என்று கேட்க நோயாளிக்கு எல்லா உரிமையும் உண்டு.

கை வைக்கக் கூடாத முதுகுகளும் இருக்கின்றன. சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் உடல் வலிப்பது சாதாரணம். ஆனால் எலும்பு மெலிந்தவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்கள், கீழே விழுந்தவர்கள், முன்பு புற்றுநோய் வந்தவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் முதுகை யாரிடமும் கொடுக்கக் கூடாது. இந்தியாவில் இன்னொன்றையும் மறக்க முடியாது. முதுகெலும்பைத் தாக்கும் காசநோய் இங்கே இன்னும் இருக்கிறது. மாலையில் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் குறையாத இரவு வலி என்று வந்தால், தேவைப்படுவது பரிசோதனையும் மருந்தும். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தானாகப் போய்விடுவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புகள் நசுங்கும்போது அறுவை சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் நிரந்தர பாதிப்பின் வாய்ப்பைக் கூட்டுகிறது.