நேற்றைய கறி, இன்றைய டாக்கோ

"நேற்று மீந்ததைத்தான் சூடு பண்ணிப் போடப் போகிறோம், அவசியம் சாப்பிட வாருங்கள்!" என்று யாராவது உங்களை விருந்துக்கு அழைத்தால் எப்படி இருக்கும்? மெக்ஸிகோ தேசத்தில் அப்படித்தான் அழைக்கிறார்கள். அழைக்கப்பட்டவர்களும் முகம் சுளிக்காமல், இன்னும் சொல்லப் போனால் வெகு ஆவலோடு போகிறார்கள்.

அங்கே கிறிஸ்துமஸ் விருந்து டிசம்பர் 24-ந் தேதி இரவில் நடக்கிறது. வான்கோழி, கணப்பில் வாட்டிய பன்றித் தொடை, உப்பிட்டு உலர்த்திய மீனில் செய்த குழம்பு என்று நள்ளிரவு தாண்டியும் சாப்பாடு தொடரும். மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பெயரே 'ரெகாலென்தாதோ'. 'மறுபடி சூடாக்கியது' என்பதுதான் அதற்கு நேர் அர்த்தம். ஒளிவு மறைவே கிடையாது! முதல் நாள் விருந்தைவிட இதுதான் ருசி என்று சாதிக்கிறவர்கள் அந்த நாட்டில் ஏராளம்.

நம் வீடுகளிலோ 'மீந்தது' என்ற வார்த்தையைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறோம். "இது நேற்று வைத்ததா?" என்று பிள்ளை கேட்டுவிட்டால் போதும், அம்மாவுக்குக் குற்றவாளிக் கூண்டில் ஏறினாற்போல் ஆகிவிடுகிறது. ஆபீஸிலிருந்து ஆறு மணிக்கு வீடு திரும்பி, ஏழரைக்குள் நாலு பேர் பசியைத் தீர்க்க வேண்டியவள் என்னதான் செய்வாள்? அதற்கு மெக்ஸிகோக் குடும்பங்கள் கண்டுபிடித்த வழியின் பெயர் டாக்கோ.

விஷயம் மிகச் சிறியது. மக்காச்சோள மாவில் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய, மெல்லிய ரொட்டி ஒன்று. அதற்கு 'டோர்ட்டியா' என்று பெயர். அதைச் சுடச் சுட எடுத்து, நடுவில் ஏதாவது ஒன்றை வைத்து, இரண்டாக மடித்துக் கையால் சாப்பிட்டால் அது டாக்கோ. அந்த 'ஏதாவது ஒன்று' என்னவாகவும் இருக்கலாம் என்பதில்தான் அதன் சாமர்த்தியமே இருக்கிறது. இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஒரு வேடிக்கையான ஊகம் உண்டு. வெள்ளிச் சுரங்கங்களில் பாறையைப் பிளக்க, வெடிமருந்தைக் காகிதத்தில் சுருட்டித் துளைக்குள் திணிப்பார்கள். அந்தச் சுருளுக்கு 'டாக்கோ' என்று பெயர். சுரங்கத் தொழிலாளி கொண்டுபோன ரொட்டிச் சுருளும் அதே மாதிரி இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்கிறார் ஜெஃப்ரி பில்ச்சர் என்ற சரித்திர ஆசிரியர். மிளகாய்ச் சட்டினியோடு சாப்பிட்டால் வெடிமருந்து என்ற பெயர் பொருத்தம்தான்!

பழந்துணி

ஸ்பானிஷ் மொழி பேசும் நாடுகளில் 'ரோப்பா வியேஹா' என்று ஒரு பதார்த்தம் இருக்கிறது. பெயருக்கு 'பழந்துணி' என்று அர்த்தம். ஸ்பெயினில் இது முதல் நாள் வேகவைத்த இறைச்சி மீந்ததிலிருந்து பிறந்தது. நைந்த துணியைப் போல நார் நாராகப் பிய்த்து, வெங்காயம் தக்காளியோடு வதக்குவார்கள். மெக்ஸிகோவில் 'சால்ப்பிகோன்' என்று இன்னொன்று. வெந்து ஆறிய மாட்டிறைச்சியை நூலாகப் பிய்த்து, வெங்காயம், முள்ளங்கி, கொத்தமல்லி, எலுமிச்சம்பழச் சாறு கலந்து, சூடே பண்ணாமல் பரிமாறுவது. நம்மவர்கள் ஆட்டுக் கறியிலோ கோழியிலோ இதைச் செய்து பார்க்கலாம். பக்கத்தில் இரண்டு துண்டு பட்டர் ஃபுரூட் இருந்தால் கேட்க வேண்டாம்.

இரண்டிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நேற்றைய கறியை நேற்றைய கறியாகவே மறுபடி தட்டில் வைப்பதில்லை. அதற்குத் தக்க காரணமும் உண்டு. வெந்த இறைச்சியை ஒரு நாள் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துச் சுட வைத்தால், நனைந்த அட்டைப் பெட்டியை ஞாபகப்படுத்தும் ஒரு பழைய வாசனை கிளம்புகிறதே, கவனித்திருக்கிறீர்களா? சமைத்தவளின் கைக்கோளாறு அல்ல அது. வேகும்போது இறைச்சியிலுள்ள இரும்புச் சத்து கட்டவிழ்கிறது. அதன் தூண்டுதலில் காற்றிலுள்ள பிராணவாயு கொழுப்பைத் தாக்குகிறது. டிம்ஸ், வாட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1958-ல் இந்தக் கோளாறை விவரித்து அதற்கு ஒரு பெயரும் சூட்டினார்கள். மாட்டிறைச்சியைவிடக் கோழியிலும் வான்கோழியிலும் இது அதிகம். அவற்றின் கொழுப்பு அப்படிப்பட்டது.

இப்போது மெக்ஸிகோக்காரியின் கைப்பக்குவத்தைப் பாருங்கள். கெட்டிக் குழம்பில் மூழ்கிக் கிடக்கும் கறியைக் காற்று எளிதில் தொடாது. 'மோலே' என்ற மிளகாய்க் குழம்பில் ஊறிய வான்கோழி மறுநாள் கெடாமல் ருசிப்பது அதனால்தான். குழம்பில்லாத கறியாயிருந்தால் ஒன்று, சால்ப்பிகோன் மாதிரி சூடே காட்டாமல் புளிப்புச் சேர்த்துவிடுகிறாள். அல்லது, நன்றாகக் காய்ந்த கல்லில் போட்டு ஓரம் முறுகும்படி வறுத்து, பச்சை வெங்காயமும் எலுமிச்சம்பழமும் சேர்த்து வாசனையையே மாற்றிவிடுகிறாள். அரை மணி நேரம் மெல்லிய தீயில் வைத்துக் கறியை மறுபடி வேகவைப்பதுதான் செய்யக் கூடாத காரியம். நாம் பெரும்பாலும் அதைத்தானே செய்கிறோம்!

நாலு பேருக்கு ஒரு இரவு

மீந்த கறி, எலும்பு நீக்கிப் பிய்த்தது, இரண்டு கப் இருந்தால் பன்னிரண்டு டாக்கோ வரும். முதலில் சட்டினி. மூன்று தக்காளி, இரண்டு பச்சை மிளகாய், தோலோடு மூன்று பல் பூண்டு, இவற்றை எண்ணெய் விடாமல் தோசைக் கல்லில் போட்டுத் திருப்பிக்கொண்டே இருங்கள். அங்கங்கே கருகிப் புள்ளி விழ வேண்டும். பயப்பட வேண்டாம், அந்தக் கருகலில்தான் மணம் இருக்கிறது. பூண்டுத் தோலை உரித்துவிட்டு, உப்போடு எல்லாவற்றையும் ஒன்றிரண்டாக நசுக்குங்கள். மெக்ஸிகோவில் இதற்கென்றே மூன்று கால் வைத்த எரிமலைக் கல் உரல் உண்டு. மிக்ஸியில் போட்டால் ஒரே சுற்று, கூழாக்கிவிடாதீர்கள். மிளகாயும் தக்காளியும் அந்தப் பக்கத்திலிருந்துதான் ஸ்பானிஷ்காரர் கையிலும் போர்த்துகீசியர் கையிலும் ஏறி உலகத்துக்குப் பரவின என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது நன்றி மறவாமை. அவர்களுக்குக் கொத்தமல்லியும் வெங்காயமும் எலுமிச்சையும் கடல் கடந்து போயின. கோழி, ஆடு, மாடு, பன்றி எல்லாமே 1521-ல் அஸ்டெக் தலைநகர் விழுந்ததையொட்டிய காலத்தில் அங்கே போய் இறங்கியவை.

அடுத்து, இரும்பு வாணலியை நன்றாகக் காய வைத்து, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டுக் கறியைப் பரப்புங்கள். இரண்டு நிமிஷம் கரண்டியால் தொடவே கூடாது. அடிப்பக்கம் சிவந்ததும் புரட்டி, சட்டினியில் ஒரு கரண்டி விட்டுச் சுண்ட வையுங்கள். அவ்வளவுதான். ரொட்டியை ஒவ்வொன்றாகக் கல்லில் சுட்டு, துணி விரித்த கூடையில் மூடி வையுங்கள். பொடியாக நறுக்கிய வெங்காயம் கொத்தமல்லி ஒரு கிண்ணத்தில், எலுமிச்சம்பழத் துண்டு ஒரு தட்டில். முன்கூட்டியே மடித்து அடுக்கி வைத்தால் சாறு ஊறி ரொட்டி பிய்ந்துபோகும். அவரவர் தட்டில் அவரவரே மடித்துக்கொள்ளட்டும். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: சமைத்தவளும் கூடவே உட்கார்ந்து சாப்பிடலாம்!

மெக்ஸிகோவிலேயே வெகு காலம் வரை அவள் அப்படி உட்கார்ந்ததில்லை. மற்றவர்கள் சாப்பிட்டு முடிகிற வரை அடுப்பருகே இருந்து சூடான டோர்ட்டியாவைப் போட்டுக்கொண்டே இருப்பாள். அந்த டோர்ட்டியா உண்டாவதற்குள் அவள் பட்ட பாடு தனிக் கதை.

மக்காச்சோளத்தை வெறுமனே அரைத்து மாவாக்கினால் மெல்லிய ரொட்டி வராது; விண்டு போகும். அங்கே ஒரு கிலோ சோளத்துக்குச் சுமார் பத்து கிராம் சுண்ணாம்பு சேர்த்துக் கொதிக்கவிட்டு, இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் தோல் கழன்று போகும்படி கழுவுகிறார்கள். இதற்கு 'நிக்ஸ்தமால்' என்று பெயர். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு வகைதான். இதனால் மாவு பிசின் போலச் சேர்ந்துகொள்கிறது. அதோடு சோளத்தில் சிக்கிக் கிடக்கும் நியாஸின் என்ற வைட்டமினும் விடுபட்டு உடம்பில் சேர்கிறது. ஐரோப்பியர் சோளத்தை மட்டும் எடுத்துப் போனார்கள். இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டுப் போனார்கள். பலன், ஸ்பெயினிலும் இத்தாலியிலும், பிற்பாடு அமெரிக்காவின் தென் மாகாணங்களிலும் சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளைத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தியும் பேதலிக்கும் 'பெல்லக்ரா' வியாதி பிடித்துக்கொண்டது. அதைத் தீர்க்கும் வைட்டமின் இன்னதென்று விஞ்ஞானம் கண்டது 1937-ல். படிப்பு வாசனையே இல்லாத மெக்ஸிகோப் பாட்டிகள் பல நூறு வருஷங்களுக்கு முன்பே தங்கள் பானையில் அதை முடித்துவிட்டிருந்தார்கள்.

ஆனால் ஊறிய சோளத்தை அரைக்க வேண்டுமே! 'மெதாத்தே' என்பது நம் அம்மியின் சகோதரி. கால் வைத்த சாய்வான கல், மேலே ஒரு குழவி. விடியுமுன் எழுந்து அதன் எதிரே மண்டியிட்டு அரைக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு நாள் ஒன்றுக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் இந்த வேலைக்கே ஆகும். இட்லி மாவு அரைத்தே தோள் இற்றுப்போன நம் பாட்டிமார்கள் இந்தக் கணக்கைக் கேட்டால் அந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள்.

1920-களில் கிராமங்களுக்கு அரைவை யந்திரம் வரத் தொடங்கியது. யார் எதிர்த்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? புருஷர்கள்தான்! தெபோஸ்ட்லான் என்ற கிராமத்தைப் பற்றி ஆஸ்கார் லூயிஸ் என்ற மானிட இயல் அறிஞர் 1951-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த வேடிக்கையை விவரமாக எழுதியிருக்கிறார். கையால் அரைத்த மாவின் ருசி யந்திரத்தில் வராது, வேலை ஒழிந்த மனைவி வம்பளக்கக் கிளம்பிவிடுவாள் என்றெல்லாம் ஆட்சேபணை. தானே ஒரு நாளாவது மண்டியிட்டு அரைத்துப் பார்த்த கணவன் எவனும் அந்த ஆட்சேபணையைச் சொல்லியிருக்க மாட்டான் என்பது என் அபிப்பிராயம். கடைசியில் பெண்கள்தான் ஜெயித்தார்கள். 1934 முதல் 1940 வரை ஜனாதிபதியாயிருந்த லாசரோ கார்தெனாஸின் சர்க்கார் கிராமத்துப் பெண்கள் சங்கங்களுக்கு அரைவை யந்திரங்களை வழங்கியது. 1949-ல் செர்ரால்வோ என்ற ஊரில் உலர்ந்த நிக்ஸ்தமால் மாவு தயாரிக்கும் ஆலையும் வந்துவிட்டது. இன்று தெருமுனைக் கடையில் சுடச் சுட டோர்ட்டியாவை எடைக்கு எடை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். பதினைந்து நிமிஷ டாக்கோ என்று நாம் இன்று பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு வந்த சுகம்.

அமெரிக்காவில் டாக்கோவை முன்கூட்டியே மடித்துப் பொரித்து, அப்பளம் மாதிரி விறைப்பாக்கிவிட்டார்கள். 1962-ல் கிளென் பெல் என்பவர் கலிபோர்னியாவில் துவக்கிய டாக்கோ பெல் கடைகளால் அந்த உருவமே உலகெங்கும் பிரபலமாகிவிட்டது. வார நாளில் குடும்பத்துக்குச் சுலபமாகச் சாப்பாடு போட 'டாக்கோ செவ்வாய்' என்று ஒரு கிழமையையே ஒதுக்கினார்கள். அந்த இரண்டு வார்த்தையையும் தன் சொத்தென்று 1989 முதல் ஒரு கம்பெனி பதிவு செய்து வைத்திருந்து, 2023-ல்தான் விட்டுக்கொடுத்தது. கிழமைக்கும் பட்டா வாங்குகிற காலம்!

"சப்பாத்தியில் சுருட்டினால் டாக்கோ ஆகுமா?" என்று கேட்பீர்கள். வட மெக்ஸிகோவில், முக்கியமாக ஸோனோரா மாகாணத்தில், கோதுமை மாவு டோர்ட்டியாதான் வழக்கம். ஆகவே சிறியதாக, மெல்லியதாக இட்ட சப்பாத்தி அவ்வளவு பெரிய பாவமில்லை. கடையில் கிடைக்கும் சாதாரண மக்காச்சோள மாவில் முயற்சி செய்யாதீர்கள்; சுண்ணாம்பில் பதப்படாத மாவு மடிக்கும்போது இரண்டாகப் பிளக்கும். சைவர்களுக்கும் வழி இருக்கிறது. வேகவைத்த காராமணியையோ ராஜ்மாவையோ மசித்து எண்ணெயில் சுண்ட வதக்கினால், அதுவும் மெக்ஸிகோ வீடுகளில் அன்றாடம் புழங்கும் டாக்கோச் சரக்கே.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் கூடாது. சமைத்த கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கலாகாது. வெயில் 32 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் பாதி வருஷம் அந்தக் கணக்குத்தான். விருந்தாளிகள் பேசிக்கொண்டிருந்தாலும் நீங்கள் எழுந்து போய்க் கறியை எடுத்து வைத்துவிடுங்கள். ஆழமான பாத்திரத்தில் அப்படியே வைக்காமல், அகன்ற தட்டில் பரப்பினால் சீக்கிரம் குளிரும். ஐஸ் பெட்டிக்குள் 5 டிகிரிக்கு மேற்படக் கூடாது. மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். சூடு பண்ணும்போது நடுத்துண்டு வரைக்கும் ஆவி பறக்க வேண்டும். சால்ப்பிகோன் மாதிரி சூடு பண்ணாமல் சாப்பிடுவதாயிருந்தால், மறுநாளே, சந்தேகத்துக்கு இடமில்லாத கறியில்தான். ஒரு முறை சூடாக்கியதில் மிச்சம் வைத்து மறுபடி உள்ளே தள்ள வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு டோர்ட்டியா நாலைந்து மீந்து, காலையில் விறைத்துக் கிடந்தால்? அதற்கும் மெக்ஸிகோவில் பதில் தயார். முக்கோணமாக வெட்டி, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, கொதிக்கிற தக்காளிச் சட்டினியில் புரட்டி, மேலே பாலாடைக் கட்டியும் வெங்காயமும் தூவினால் 'சிலாக்கீலெஸ்' என்ற காலைப் பலகாரம். சட்டினியில் போட்ட கையோடு தட்டுக்கு வந்துவிட வேண்டும். ஐந்து நிமிஷம் போனால் குழைந்துவிடும். ஆகையால் எல்லோரும் பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள்.