கணவாய்க்கு வைத்த படல்

காரியாபட்டிப் பக்கம் ஆட்டுக்கிடைக்கு முள்ளடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடைமுள்ளை வெட்டிச் சுற்றிலும் அடுக்கி, ஒரு பக்கம் மட்டும் படல் வைப்பார்கள். திருட வருகிறவனை அந்த முள் அடியோடு தடுத்துவிடாது. அவன் அதை விலக்குவதற்குள் சரசரக்கும், நாய் குரைக்கும், கிடைக்காரர் கம்போடு எழுந்துவிடுவார். முறையாக வருகிறவர் படல் வழியே வருவார். வேலியின் வேலை அவ்வளவுதான்.

எல்லைச் சுவர்களுக்கும் இதே கணக்குத்தான். கி.பி. 122 வாக்கில் ரோமப் பேரரசர் ஹாட்ரியன் பிரிட்டனின் வடக்கே கடலுக்குக் கடல் சுவர் எழுப்பத் தொடங்கினார். நீளம் சுமார் 118 கி.மீ. முன்னால் பள்ளம், ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒரு வாசல் வைத்த சிறு கோட்டை, இரு கோட்டைகளுக்கு இடையே இரண்டு காவல் கோபுரங்கள். வாசல்கள் எதற்கு? போக்குவரத்தைக் கண்காணிக்க, தேவைப்பட்டால் படையை வெளியே அனுப்ப.

நம் பக்கத்தில் இதற்கு இணை ஆரல்வாய்மொழி. விருதுநகரிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் போனால், காவல்கிணறு தாண்டியதும் முப்பந்தல் காற்றாலைகள் சுழலும். ஆரல்வாய்மொழி மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு கணவாய். காற்று நுழையும் வழியில்தான் படைகளும் நுழைந்தன. அந்த வாயைத் திருவிதாங்கூர் மதிலால் அடைத்தது. மலைக்கு மலை சுமார் 3 கி.மீ.; இரண்டு மூன்று பீரங்கி ஏற்றிய சிறு கொத்தளங்கள், அவற்றை இணைக்கும் உறுதியான சுவர், காப்பாக அடர்ந்த முள்வேலி. ரோமர் பள்ளத்தை நம்பிய இடத்தில் இவர்கள் முள்ளை நம்பினார்கள்.

1809-ல் திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாய் கிழக்கிந்தியக் கும்பெனியை எதிர்த்தபோது, கர்னல் செயின்ட் லெஜரின் கும்பெனிப் படை இந்த மதில் முன் வந்து நின்றது. நேரே மோதாமல், மேஜர் வெல்ஷ் ஒரு பிரிவோடு இரவில் தென்புற மலையில் ஏறினார். புதரும் பாறையுமாக ஆறு மணி நேர ஏற்றம். பிப்ரவரி 10 காலையில் மேலிருந்து கொத்தளத்தில் பாய்ந்தார்கள். அன்றே மதில் கைமாறியது.

திருவிதாங்கூர் மதில் மலையோடு நின்றுவிட்டது. ஹாட்ரியன் சுவரிலோ, ஹவுஸ்டெட்ஸ் கோட்டை அருகே செங்குத்துப் பாறையின் விளிம்பிலும் ரோமர் சுவரை விடாமல் கொண்டுபோயிருக்கிறார்கள். கண்மாய்க் கரை உயரமாகத்தானே இருக்கிறது என்று அந்தப் பக்கம் முள் வைக்காமல் தூங்கப்போகிற கிடைக்காரரும் நம்மூரில் இல்லை.