மண்ணில் கிடந்த வெள்ளியும் நமது புதையல் சட்டமும்

பணம் பாதாளம் மட்டும் பாயும் என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. அது மெய்யென்று காட்டும் காட்சி ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நகரப் பூங்காக்களில் விடுமுறை நாட்களில் காணக் கிடைக்கும். காதில் ஒலிக்கருவி பூட்டிய ஒருவர், நீண்ட தண்டின் நுனியில் வட்டத் தட்டுப் பொருத்திய யந்திரத்தைப் புல்தரையின் மேல் இடமும் வலமுமாக வீசிக்கொண்டு மெல்ல நடப்பார். யந்திரம் குரல் கொடுத்ததும் மண்டியிடுவார். புல்லை மூன்று புறம் அறுத்து, பெட்டியின் மூடியைத் திறப்பதுபோல் மடித்து வைத்து, சில அங்குல ஆழம் தோண்டுவார். பெரும்பாலும் ஆணியோ தகரத் துண்டோ அகப்படும். என்றோ ஒரு நாள், இரு விரல்களுக்கிடையே மண்ணைத் துடைத்ததும் ஒரு வெள்ளிக் காசு பளிச்சிடும்.

வேலையற்றவர் செய்யும் வேடிக்கை இது என்று நேயர்கள் தள்ளிவிடலாகாது. அந்தச் சிறு காசு, சர்க்கார்கள் தம் ஜனங்களுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றியும், ஜனங்கள் தம் சரித்திரத்துக்குச் செய்யவேண்டிய கடமையைப் பற்றியும் பேசுகிறது. அதன் பேச்சை முற்றும் கேட்டால், நம் நாட்டுச் சட்டம் ஒன்று எவ்வளவு பழுதுபட்டுக் கிடக்கிறது என்பதும் விளங்கும்.

யந்திரத்தின் வரலாறு

இந்த யந்திரத்தின் பிறப்பே ஒரு ராஜ்ய விவகாரத்தை ஒட்டியது. 1881-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு ஒரு கொலைஞனால் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைத் தேடுவதற்காக, டெலிபோனால் புகழ் பெற்ற கிரஹாம் பெல் ஒரு மின்சாரக் கருவியை அமைத்துக் கொண்டுவந்தார். குண்டு அகப்படவில்லை, செப்டம்பரில் ஜனாதிபதி மாண்டார். ஆயினும் கருத்து மாளவில்லை. கெர்ஹார்டு பிஷர் என்பவர் கையில் தூக்கிச் செல்லத்தக்க கருவிக்கு 1937-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இரண்டாவது உலக யுத்தத்தில் போலந்து நாட்டு அதிகாரி கொசாட்ஸ்கி அமைத்த கருவி, 1942-இல் எல் அலமேன் போர்க்களத்தில் கண்ணிவெடிகளைத் தேடப் பயன்பட்டது. யுத்தம் முடிந்ததும் ராணுவத்தில் மிஞ்சிய கருவிகள் மலிவாக விலைக்கு வந்தன. உயிர் குடிக்கும் வெடியைத் தேடியது உதிர்ந்த காசைத் தேடப் புகுந்தது.

அது வேலை செய்யும் விதம் கடினமானதன்று. தட்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், மண்ணுக்குள் ஒரு காந்த மண்டலத்தை எழுப்புகிறது. அம்மண்டலம் ஓர் உலோகத்தைத் தொட்டால் உலோகத்துக்குள்ளும் மின்சாரம் சுழலும். அச்சுழல் தனக்கென ஒரு காந்த மண்டலத்தை எதிரொலிபோல் திருப்பி அனுப்பும். உலோகங்கள் எல்லாவற்றிலும் மின்சாரத்தை மிக எளிதாகக் கடத்துவது வெள்ளி. ஆகவே அதன் மறுமொழி இரும்பின் மறுமொழியினின்றும் வேறுபட்டு ஒலிக்கிறது. செம்பும் ஏறக்குறைய வெள்ளியைப்போலவே பேசுவதால், பழகிய காதும் சில வேளை ஏமாறும். ஆனால் தோண்டி எடுத்தபின் ஐயமில்லை. செம்பு பச்சை பூத்திருக்கும். இரும்பு துருவேறி உருவழிந்திருக்கும். நல்ல வெள்ளியோ எண்பது ஆண்டு மண்ணில் கிடந்தாலும் பெரும்பாலும் முகம் மாறாமல் வெளிவரும்.

1964 என்னும் எல்லைக்கல்

பூங்காவில் வெள்ளி எப்படி வந்தது? ஜனங்கள் புல்லில் அமர்ந்து உணவுண்டார்கள், பிள்ளைகள் பந்தாடினார்கள், வாத்தியக் கச்சேரி கேட்கக் கூட்டம் கூடிற்று. சட்டைப்பையிலிருந்து காசு நழுவிற்று. அக்காலத்து அமெரிக்கச் சில்லறையில் பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் ஆகியவை பத்தில் ஒன்பது பங்கு வெள்ளியால் ஆனவை. 2.5 கிராம் எடையுள்ள பத்து சென்ட் காசு, மெல்லியதாயினும் மெய்யான வெள்ளி.

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளியின் விலை ஏறிற்று. காசின் முகமதிப்பை அதன் உலோக மதிப்பு எட்டிப் பிடிக்கலாயிற்று. ஜனங்கள் வெள்ளியைப் பதுக்கினார்கள்; நாடெங்கும் சில்லறைப் பஞ்சம் தலைகாட்டியது. 1965-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜனாதிபதி ஜான்சன் கையொப்பமிட்ட சட்டம், பத்து சென்டிலிருந்தும் கால் டாலரிலிருந்தும் வெள்ளியை அறவே நீக்கிவிட்டது. அதுமுதல் உள்ளே செம்பும் வெளியே செம்பும் நிக்கலும் கலந்த தகடுமாகக் காசு அடிக்கப்பட்டது. 1964 என்று பொறித்த காசு வெள்ளி. 1965 என்று பொறித்தது வேஷம்.

கெட்ட காசு நல்ல காசைத் துரத்தும் என்பது பொருளாதார நூலோர் கண்ட விதி. அவ்விதியின்படி வெள்ளிக் காசுகள் சில ஆண்டுகளுக்குள் புழக்கத்தை விட்டு மறைந்தன. சில, பதுக்கியவன் பெட்டிக்குப் போயின. சில, உலைக்குப் போயின. இரண்டுக்கும் தப்பியது, எவனோ கவனக் குறைவால் நழுவவிட்டு மண்ணுக்குள் போன காசே. அமெரிக்கப் பூங்காவில் இன்று தேடுகிறவன் தேடுவது இந்த எச்சத்தைத்தான்.

நமது ரூபாயின் கதை

நிற்க. இதில் நமக்கு உறவில்லை என்று எண்ணவேண்டா. 1835-இல் கம்பெனி சர்க்கார் நிலைநாட்டிய ரூபாய் 180 குன்றிமணி எடை என்று சொல்லிவிடுவோரும் உண்டு, அது பிழை. 180 ஆங்கிலக் கிரெயின், அதாவது ஒரு தோலா. இன்றைய அளவில் 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நம் வீடுகளில் 'ரூபாய் எடை' என்று நிறுத்தற்குரிய அளவாகவே அது வழங்கிற்று. காசே எடைக்கல்லாக நின்ற காலம் அது.

முதல் உலக யுத்தம் வந்தது. நம் நாட்டுப் பண்டங்களையும் படையையும் வாரிச் சென்ற பிரிட்டிஷார், விலையாகக் கொடுக்க வெள்ளி போதாமல் தவித்தார்கள். 1917-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஒரு ரூபாய்க் காகித நோட்டு வெளிவந்தது. நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டு ஜனங்கள் நெருக்கினார்கள். சர்க்காரின் வாக்கு பொய்க்கும் நிலை ஏற்பட்டது. அப்போது அமெரிக்கக் காங்கிரஸ் 1918 ஏப்ரலில் 'பிட்மன் சட்டம்' என்பதை நிறைவேற்றி, தன் கஜானாவிலிருந்த வெள்ளி டாலர்களை உருக்க இடங்கொடுத்தது. 27 கோடிக்கு மேற்பட்ட டாலர் காசுகள் உருக்கப்பட்டன. அவ்வெள்ளியில் சுமார் 20 கோடி அவுன்ஸ் இந்தியாவுக்கு வந்து, அரசர் ஐந்தாம் ஜார்ஜின் முகம் தாங்கிய ரூபாயாயிற்று. நம் பாட்டனார் இடுப்பில் முடிந்து வைத்த ரூபாய்களில் எத்தனையோ, அதற்குமுன் அமெரிக்க டாலராக இருந்தவை.

இரண்டாவது யுத்தத்தில் கதை இன்னும் சுருங்கிற்று. 1940-இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947-இல் முழு நிக்கல் ரூபாய் வந்தது. அதே யுத்தத்தில் அமெரிக்கா கடனாகக் கொடுத்த வெள்ளியையும் பிற்பாடு இந்தியாவும் பாகிஸ்தானும் எடைக்கு எடை திருப்பிக் கொடுத்தன. அமெரிக்கப் பூங்காவின் எல்லைக்கல் 1964 ஆனால், நம் மண்ணின் எல்லைக்கல் அதற்கும் கால் நூற்றாண்டு முந்தியது.

பத்து ரூபாயின் பொருள்

இப்போது சட்டத்துக்கு வருவோம். மண்ணில் கிடைத்தது எவருக்கு உரியது? அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களுக்குள் இக்கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். நகரப் பூங்காக்களின் விதி ஊருக்கு ஊர் மாறும். சிலவிடங்களில் அனுமதிச் சீட்டு வேண்டும். நம் நாட்டில் இன்றும் அடிப்படையாக நிற்பது, அன்னிய ஆட்சியில் 1878-ஆம் ஆண்டு இயற்றிய புதையல் சட்டம். மண்ணில் மறைந்து கிடந்து அகப்பட்ட பொருள் 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவித்துப் பொருளை ஒப்படைக்கவேண்டும். அல்லது ஜாமீன் கொடுக்கவேண்டும். மறைத்தால் ஓர் ஆண்டுவரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு.

1878-இல் 10 ரூபாய் என்றால் என்ன? பத்து தோலா எடையுள்ள காசு. அதில் ஏறத்தாழ 107 கிராம் தூய வெள்ளி. அந்நாளில் ஏழைத் தொழிலாளிக்கு அது பெருந்தொகை. அற்ப விஷயங்களுக்குக் கலெக்டரை நாடவேண்டா என்பதே அவ்வரம்பின் கருத்து. இன்றோ 10 ரூபாய்க்கு ஒரு கிராம் வெள்ளியும் வாராது. சட்டத்தின் எழுத்து மாறவில்லை. எழுத்துக்குள் இருந்த வெள்ளி ஒழுகிப்போயிற்று! எழுத்தின்படி பார்த்தால், தோட்டத்தில் கொத்தும்போது அகப்படும் ஒற்றை விக்டோரியா ரூபாயும் அவ்வரம்பைத் தாண்டிவிடும். எவராலும் அனுசரிக்க முடியாத சட்டத்தை எவரும் மதிப்பதில்லை.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. உரியவர் இல்லையென்று தீர்ந்த புதையலைச் சர்க்கார் எடுத்துக்கொள்ள விரும்பினால், அப்பொருளின் உலோக மதிப்பும், அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்கிறது அச்சட்டம். கோயம்புத்தூர், கரூர்ப் பக்கங்களில் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளான அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தது சரித்திரம் அறிந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் நம் மிளகும் மணியும் கடல் கடந்து சென்றதற்கு அவை கண்கண்ட சாட்சி. அத்தகைய காசுக்கு வெள்ளியின் எடையைப் பார்த்து விலை சொல்வது, ஓலைச்சுவடியை விறகின் விலைக்குக் கேட்பதை ஒக்கும். ஆதலின் கண்டெடுத்த ஏழை என்ன செய்வான்? அச்சத்தால் பாதியை மறைப்பான். மீதியைத் தட்டானிடம் கொடுத்து உருக்குவான். எந்தப் பானையில், எந்த ஆழத்தில், எந்தக் காசோடு எந்தக் காசு சேர்ந்து கிடந்தது என்ற செய்தி அவ்வுலையிலேயே எரிந்துபோகும்.

இங்கிலாந்து காட்டும் வழி

எவரிடம் நல்லது இருந்தாலும் கற்பதில் இழுக்கில்லை. 1992 நவம்பரில், இங்கிலாந்தின் சபோக் மாவட்டத்து ஹாக்ஸன் என்னும் ஊரில், எரிக் லாஸ் என்ற முதியவர், நண்பர் தொலைத்த ஒரு சுத்தியலைத் தேடிக் கருவியுடன் வயலில் இறங்கினார். பொன்னும் வெள்ளியுமாகக் காசுகள் தென்பட்டன. அவர் முற்றும் தோண்டி எடுத்துக்கொள்ளவில்லை, நிறுத்தினார், உரியவர்களுக்குச் செய்தி அனுப்பினார். ஆராய்ச்சியாளர் வந்து, பொருள்கள் கிடந்த நிலை கலையாமல் எடுத்தார்கள். 14,865 ரோமானியக் காசுகளும், பொன், வெள்ளிப் பாத்திரங்களும் நகைகளும் வெளிவந்தன. 17½ லட்சம் பவுன் பரிசு வழங்கப்பட்டது. அதை அவர் வயலின் குடியானவரோடு பகிர்ந்துகொண்டார். அந்தச் சுத்தியலும் அகப்பட்டு, பிரிட்டிஷ் மியூசியத்தில் சேர்ந்துவிட்டது.

பின்னர் 1996-இல் இயற்றிய புதையல் சட்டம் அங்கே முறையை இன்னும் செம்மைப்படுத்திற்று. வரம்பு பணத்தால் அன்று, பொருளின் வயதாலும் தன்மையாலும் வகுக்கப்பட்டது. உதாரணமாக, ஒரே இடத்தில் கிடைத்த 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொன் வெள்ளிக் காசுகள் இரண்டு இருந்தாலே புதையல். 14 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். மியூசியம் எடுத்துக்கொண்டால், தனிக் குழு மதிப்பிட்ட முழுச் சந்தை விலை பரிசாகக் கிடைக்கும்.

பரிசைப் பெருக்கினால் களவும் பெருகாதா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமே. புராதனச் சின்னங்களாகப் பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றி அகழ்வதை 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, அத்தடை தளரலாகாது. திருட்டுத்தனமாகத் தோண்டியவனுக்குப் பரிசு கிடையாது என்றும், குவியல் தென்பட்டதும் நிறுத்தி அறிவித்தவனுக்கே முழுப் பரிசு என்றும் விதித்தால், கள்வனுக்கு ஊக்கமில்லை; குடியானவனுக்கு அச்சமில்லை.

இதற்கு டில்லியை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் வேண்டா. நம் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 44-ஆவது இனம் புதையல். கேரளம் 1968-லேயே தனக்கெனப் புதையல் சட்டம் ஒன்றை இயற்றிக்கொண்டது. நமது சட்டசபையும் செய்யலாம். பத்து ரூபாய் வரம்பை நீக்கி வயதை வரம்பாக்குக; உலோக விலையை நீக்கி உண்மை விலையைக் கொடுக்க; கலெக்டர் கச்சேரிவரை போகாமல் கிராமத்திலேயே அறிவிக்க வழிசெய்க. இம்மூன்றும் போதும்.

நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்பது ஒரே சொல். குடிகளிடம் நாணயத்தை எதிர்பார்க்கும் சட்டம் முதலில் தான் நாணயமாக இருக்கவேண்டும். ஊர்தோறும் வேலை செய்யும் பொதுஜன ஊழியர்கள் இவ்விஷயத்தைத் தத்தம் சட்டசபை அங்கத்தினரிடம் எழுப்புவார்களாக. அதுவரையில், ஏர்முனையில் பானை தட்டுப்பட்டால் அதை உருக்கிவிடாமல் அறிவிக்கும்படி ஒவ்வொரு குடியானவருக்கும் எடுத்துச் சொல்வதும் அவர்கள் கடமையே.