கரிசக்காட்டு வண்டிக்கு எந்த மோட்டார்? வாட் கணக்கும் முறுக்குவிசைக் கணக்கும்

பெட்ரோல் வண்டியை மின்சாரத்துக்கு மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட் மோட்டார் போடணும்?" என்பதுதான். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக்கு அந்தக் கேள்வி மட்டும் போதாது. ஏன் என்று ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வண்டியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வத்தல் மூட்டை, பால் கேன், தண்ணீர்க் குடம் என்று இங்கே பாரம் சுமப்பது பெரும்பாலும் அதுதானே!

அதன் 99.7 சிசி இன்ஜின் தரும் அதிகபட்ச சக்தி சுமார் 3.2 கிலோவாட். வண்டி 90 கிலோ, ஓட்டுபவர் 65, சுமை 95. ஆக மொத்தம் 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினைக் கழற்றினால் குறையும் எடை, மோட்டாரும் பேட்டரியும் ஏறுவதற்குக் கிட்டத்தட்ட ஈடாகிவிடும்.

முதலில் தார் ரோடு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். டயர் உருளும் தடை சுமார் 49 நியூட்டன், காற்றின் தடை சுமார் 44 நியூட்டன். இதைத் தாண்டி ஓட, சக்கரத்தில் சுமார் 1,030 வாட் வேண்டும். "அப்போ 1000 வாட் ஹப் மோட்டார் போதுமே" என்று தோன்றும். ரோட்டோடு நின்றுவிட்டால் ஏறக்குறைய போதும்தான்.

இப்போது தோட்டத்துக்குப் போகும் மண்பாதை. புழுதியில் டயர் புதைவதால் உருளும் தடை நான்கு மடங்கு, அதாவது சுமார் 196 நியூட்டன் ஆகிறது என்று கொள்வோம். வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர்தான். தேவையான சக்தி சுமார் 820 வாட். பார்த்தால் சக்தி குறைந்திருக்கிறது. ஏமாறும் இடமே இதுதான்.

மோட்டாரைச் சூடாக்குவது வாட் அல்ல, முறுக்குவிசை. அதாவது டார்க். எக்ஸ்எல் சக்கரத்தின் ஆரம் சுமார் 0.27 மீட்டர். ஆகவே மண்பாதையில் சக்கரத்துக்கு வேண்டிய டார்க் சுமார் 53 நியூட்டன் மீட்டர். நிமிடத்துக்கு 400 சுற்றில் 1000 வாட் தரும் ஹப் மோட்டார் தொடர்ந்து தரக்கூடியது சுமார் 24 நியூட்டன் மீட்டர்தான். அதனிடம் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறோம். டார்க் இரட்டித்தால் காயிலில் ஓடும் கரண்டும் இரட்டிக்கும். வெப்பமோ கரண்டின் வர்க்கப்படி ஏறுவதால், நான்கு மடங்கைத் தாண்டிவிடும். ஒரு நிமிஷம் என்றால் தாங்கும். இருபது நிமிஷம் என்றால் புகைஞ்சிரும்.

போர்வெல் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. தண்ணீர் இறங்கி, மோட்டாரைச் சுற்றிக் குளிர்ச்சி இல்லாமல் போனால் காயில் எரிந்துவிடும். ஹப் மோட்டாரிலும் அதே சங்கடம்தான். காயில் நடுவே அச்சில் இருக்கிறது. சூடு காற்று இடைவெளியைத் தாண்டித்தான் வெளிக்கூட்டுக்கு வர வேண்டும். நடுவில் பொருத்திச் செயினால் ஓட்டும் மோட்டாரில் காயில் வெளிக்கூட்டையே ஒட்டியிருப்பதால் சூடு நேராக வெளியேறும். சித்திரை வெயிலில் 40 டிகிரியிலிருந்தே கணக்கு தொடங்குகிறது. சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் பலமிழக்கத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பக்கத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை ஓட்டும் அதே வெயில்தான் நம் மோட்டாரையும் வாட்டுகிறது.

செயின் போட்டால் மட்டும் டார்க் சும்மா கூடிவிடாது. ஒரே வாட், ஒரே உச்ச வேகம் என்றால் சக்கரத்தில் கிடைக்கும் டார்க்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் செயினில் ஸ்ப்ராக்கெட்டை மாற்றலாம். உச்ச வேகத்தை 30 கிலோமீட்டராகக் குறைத்துக்கொண்டால், 1.5 கிலோவாட் மோட்டாரே சக்கரத்தில் 48 நியூட்டன் மீட்டர் வரை தரும். 40 கிலோமீட்டர் வேகமும் வேண்டும், மண்பாதையும் வேண்டும் என்றால் 2 கிலோவாட்டுக்குக் குறையக்கூடாது. ஹீரோ ஸ்ப்ளெண்டருக்கு மாற்று கிட் கொண்டுவந்த கோகோஏ1 நிறுவனமும் 2 கிலோவாட் ஹப் மோட்டாரைத்தான் எடுத்திருக்கிறது.

இன்னொன்று, சீமைக்கருவேல முள். ஹப் மோட்டார் உள்ள பின்சக்கரம் கனமானது, வயர் வேறு வெளியே வரும். பஞ்சர் ஆனால் கழற்றி மாட்டுவது தனி வேலை. ட்யூப்லெஸ் டயர் போட்டால் பாதிக் கஷ்டம் தீரும். செயினுக்குப் புழுதிதான் எதிரி. அடிக்கடி துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, பீக் வாட் எவ்வளவு என்று கேட்காதீர்கள். 30 நிமிட சக்தி எவ்வளவு என்று கேளுங்கள். இந்திய வாகனத் தரமான ஏஐஎஸ் 041 அளக்கச் சொல்வது அதைத்தான். இரண்டு, காயிலுக்குள் வெப்ப சென்சார் இருக்கிறதா, சூடேறினால் கன்ட்ரோலர் கரண்டைக் குறைக்குமா? மூன்று, இந்தக் கிட் உங்கள் வண்டி மாடலுக்கு ஏஐஎஸ் 123 அங்கீகாரம் பெற்றதா? அது இல்லாமல் ஆர்டிஓவில் ஆர்சி புத்தகத்தை மாற்ற முடியாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிட்டுவிடலாம். அப்படியொரு கிட் உங்கள் மாடலுக்கு இல்லையென்றால், பழைய வண்டியைப் பிரிப்பதைவிட ஆலையிலிருந்தே மின்வண்டியாக வருவதை வாங்குவது நல்லது. அங்கேயும் முதல் இரண்டு கேள்விகளை விடாமல் கேளுங்கள்.