விசைப்பலகை ஆக்கமும் தமிழ் எழுத்திலக்கணமும்

எழுதுகருவி மாறுந்தோறும் எழுத்தின் வடிவும் வரிசையும் மாறுதல் மொழி வரலாற்றில் நாம் பலகாலும் காணும் உண்மையாகும். கல்லும் ஓலையும் அச்சும் தமிழெழுத்தை எவ்வாறு மாற்றின என்பதனை அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். இன்று தமிழ் எழுதுவார் பெரும்பாலோர்க்குக் கருவியாயிருப்பது விசைப்பலகையே. அதன் அமைப்பை நம் துறை இதுகாறும் தன் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டதில்லை. விசைப்பலகையைத் தாமே வரைந்து, உறுப்புகளைத் தேர்ந்து, மாதிரி செய்து பார்க்கும் ஆர்வலர் குழாம் உலகின் பல பகுதிகளிலும் பெருகியிருக்கும் இந்நாளில், அவர்தம் தொழில்முறையைத் தமிழ் எழுத்திலக்கணத்தோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பலகையின் உறுப்புகள்

ஆர்வலர் விரும்பும் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே ஒரு பொறியமைப்பு உண்டு. அதனை அவர் 'சுவிட்ச்' என்பர். அதனுள் ஒரு தண்டும் சுருள்வில்லும் உலோகத் தொடுமுனைகளும் இருக்கும். செர்ரி என்னும் செருமானிய நிறுவனத்தின் 'எம்.எக்ஸ்.' வகை இதற்கு முன்மாதிரி. அதன் தண்டு 4 மில்லிமீட்டர் அளவு கீழிறங்கும். பொதுவகைகளில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இறங்கியபோதே எழுத்து பதிவாகும். நம் நாட்டு அலுவலகங்களில் நெடுங்காலம் வழங்கிய டி.வி.எஸ். நிறுவனத்தின் 'கோல்டு' பலகையும் இவ்வினத்தைச் சார்ந்ததே.

சுவிட்சுகளைத் தாங்குவது ஓர் உலோகத் தகடு. அதில் 14 மில்லிமீட்டர் சதுரத் துளைகள், நடுவுக்கு நடு 19.05 மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டப்படும். தகட்டின் தடிப்பு பெரும்பாலும் 1.5 மில்லிமீட்டர். துளை சிறிது பெருகினும் சுவிட்சு ஆடும். சிறிது குறையினும் பொருந்தாது.

தகட்டின்கீழ் மின்சுற்று அமையும். விசைக்கு ஒரு கம்பியாக நுண்கட்டுப்படுத்தியோடு இணைத்தல் இயலாது. ஆகலின் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, அவை சந்திக்குமிடந்தோறும் ஒரு விசை வைப்பர். 4 குறுக்குக் கம்பியும் 12 நெடுக்குக் கம்பியும் கொண்டு, ஆக 16 கம்பிகளால் 48 விசைகளை ஆளலாம். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலை விசைகளை ஒருங்கே அழுத்தின் நான்காவதும் அழுந்தியதாகப் பொய்த்தோற்றம் எழும். அதனைத் தடுக்க ஒவ்வொரு விசைக்கும் ஒரு 'டையோடு' சேர்ப்பர்.

இங்கே தமிழறிஞர் கருத வேண்டுவது ஒன்றுண்டு. பலகை கணினிக்கு அனுப்புவது எழுத்தன்று. இன்ன விசை அழுந்தியது என்னும் எண்ணே. அவ்வெண்ணை எழுத்தாக்குவது கணினியின் மென்பொருள். எனினும் எந்த எண்ணை, எவ்வரிசையில் அனுப்புவது என்பதனைப் பலகையினுள் உறையும் நிரல் தீர்மானிக்கலாம். 'க்யூ.எம்.கே.' என்னும் திறந்த நிரல் இவ்வுரிமையை யாவர்க்கும் தந்துள்ளது.

2. தட்டச்சு முதல் தமிழ் 99 வரை

தமிழெழுத்து 247. இவற்றைச் சில விசைகளுள் அடக்குவதே தொடக்கந்தொட்டு இருந்த இடர்ப்பாடு. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பகுதிகளில் வாழ்ந்த ஆர். முத்தையா, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தபோது, நகரா விசை என்னும் உத்தியால் அதனைத் தீர்த்தார். அவ்விசையை அழுத்தினால் குறி பதியும், தாள் நகராது. அடுத்த எழுத்து அக்குறியோடு ஒன்றி அமையும். இஃது எழுத்தின் வரிவடிவைப் பகுத்துக் கண்ட தீர்வு.

1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் வழி உருப்பெற்றுத் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 பலகையோ, வரிவடிவை விடுத்து எழுத்திலக்கணத்தைப் பற்றி நின்றது. உயிர் 12, மெய் 18, புள்ளி 1, ஆக 31 குறிகள் மாற்றுவிசையின் துணையின்றியே அமைந்துள்ளன. மேல்வரிசையில் 12, நடுவரிசையில் 11, கீழ்வரிசையில் 8 என்பது பகுப்பு. உயிரெல்லாம் இடக்கைக்கு உரியன. வகர ஙகரம் ஒழிந்த மெய்யெல்லாம் வலக்கைக்கு உரியன. மெய்யும் உயிரும் மாறிமாறி வரும் தமிழ்ச் சொல்லில் கைகளும் மாறிமாறி இயங்குகின்றன.

இடவைப்பிலும் இலக்கணம் விளங்குகின்றது. அ, இ, உ நடுவரிசையிலும், அவற்றின் நெடில் அவற்றிற்கு நேர்மேலும் உள்ளன. றகரமும் னகரமும், டகரமும் ணகரமும், சகரமும் ஞகரமும், பகரமும் மகரமும், தகரமும் நகரமும் வல்லெழுத்தை அடுத்து அதன் இனமெல்லெழுத்தாக அருகருகே நிற்கின்றன. ககரத்திற்கு மட்டும் ஙகரம் கீழ்வரிசையில் உள்ளது. இடச்சுட்டுவிரல் இயல்பாகத் தங்கும் 'எஃப்' விசையில் புள்ளி அமைந்துள்ளது.

3. ஆங்கில அளவும் தமிழ் இழப்பும்

ஆர்வலர் இந்நாளில் விரும்புவது சிறு பலகை. ஆங்கில எழுத்து 26. அவை வரிசைக்கு 10, 9, 7 என அடங்கும். எனவே மேல்வரிசையின் இறுதியிலுள்ள அடைப்புக்குறி விசை இரண்டையும் அவர் முதலில் நீக்குவர். நீக்கப்பட்ட குறிகள் வேறொரு விசையைப் பிடித்துக்கொண்டு அழுத்தும் மறைவான அடுக்கிற்குச் செல்லும். ஆங்கிலம் எழுதுவார்க்கு அடைப்புக்குறி அரிதாகலின் இழப்பில்லை. தமிழ் 99இல் அவ்விரண்டும் சகரமும் ஞகரமும் ஆகும்! வல்லினத்துள் ஒன்றாகிய சகரம் அடைப்புக்குறியின் விதியை ஏற்க வேண்டியதாகின்றது. பிறமொழியின் தேவைக்கு வெட்டிய தகட்டில் நம் நெடுங்கணக்கு முழுமையாக அமைதல் அரிது என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

தமிழை உரோமன் எழுத்தால் ஒலிபெயர்த்து எழுதும் வழக்கத்தைச் சிலர் இதற்கு மாற்றாகக் கூறுவர். புதிதாகப் பயில வேண்டாமை அதன் சிறப்பே, மறுத்தற்கில்லை. ஆயினும் ண ந ன, ர ற, ல ழ ள என்னும் வேறுபாடு, அங்கே பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடாகவோ, மென்பொருள் காட்டும் சொற்பட்டியலில் ஒன்றைத் தெரிவதாகவோ சுருங்கிவிடுகின்றது. தமிழ் 99இல் இவ்வெட்டிற்கும் எட்டு விசைகள் உள. நாள்தோறும் எழுதும் மாணவனின் விரல் எதனை வேறெனக் கொள்கிறதோ, அதனை அவன் மனமும் வேறெனக் கொள்ளும்.

4. தானே அமையும் புள்ளி

தமிழ் 99இன் தலைசிறந்த விதி புள்ளி பற்றியது. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினும், மெல்லெழுத்தை அடுத்து அதன் இனவல்லெழுத்தை அழுத்தினும், முதலெழுத்துத் தானே புள்ளி பெறும். 'தங்கம்' என்பதற்கு த, ங, க, ம, புள்ளி என ஐந்து அழுத்தமே போதும். உடனிலை மெய்ம்மயக்கமும், ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்னும் இனமயக்கமும் தமிழில் மிகுதியாக வருதலைக் கருவி அறிந்து செயற்படுகின்றது.

ஆயின் இவ்விதியை எழுத்தளவில் மட்டும் நிறுத்துமிடத்துக் குறையொன்று தோன்றும். 'நதி' என எழுத ந, த, இ என அழுத்தினால் 'ந்தி' என்றாகும். 'தத்தை', 'நத்தை', 'மப்பு' முதலியவற்றிற்கும் இதுவே நிலை. இவற்றில் முதலெழுத்தின்பின் 'அ' விசையை அழுத்தியே புள்ளியைத் தவிர்க்க வேண்டும்.

தனிமெய் மொழிமுதலில் வாராது என்பது நாம் அறிந்த இலக்கணம். எனவே சொல்லின் முதலிரு விசைகளுக்கிடையே தானியங்கு புள்ளி அமைதல் எஞ்ஞான்றும் பிழையே. இவ்விதியைப் பலகையின் நிரலில் எழுதலாம். இடவெளி விசையை அடுத்து ஒரு மெய்யும், அதன்பின் அதே மெய்யோ இனவல்லெழுத்தோ வருமாயின், இடையே 'அ' விசையின் எண்ணைப் பலகை தானே அனுப்புதல் வேண்டும். அங்ஙனமாயின் 'நதி' மூன்று அழுத்தத்தில் அமையும். த, த, த, ஐ என்னும் நான்கில் 'தத்தை' அமையும். கணினியின் மென்பொருளை மாற்ற வேண்டுவதில்லை.

இதற்கும் எல்லையுண்டு. சொல்லின் இடையில் வரும் 'மனனம்', 'கனன்று' போல்வனவற்றிற்கு இவ்விதி உதவாது. அங்கே 'அ' விசை வேண்டப்படும். எழுதுவோர் சுட்டியால் வேறிடத்திற்குத் தாவினால், தாம் நிற்குமிடம் சொன்முதலா இடையா என்பதனைப் பலகை அறியாது. இவை மாதிரி செய்து, பலர் எழுதிப் பார்த்துத் திருத்த வேண்டியனவாம்.

5. ஓசூரின் தகுதி

இத்தகைய மாதிரியாக்கத்திற்கு ஏற்ற களமாக நாம் ஓசூரைச் சுட்டுகின்றோம். தருமபுரியினின்று 2004இல் பிரிந்த கிருட்டிணகிரி மாவட்டத்தின் இத்தொழில்நகர், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சிப்காட் வளாகங்களும் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் வாகன ஆலைகளும் அமைந்த இவ்வூரில், நுண்ணளவு பிழையாமல் உலோகம் வெட்டும் கைத்திறன் வேரூன்றியுள்ளது. மின்னுறுப்புகளுக்குப் பெங்களூர் எஸ்.பி. சாலைக் கடைகள் அணித்தே உள.

ஆர்வலர் கைக்கொள்ளும் படிமுறையும் எளிது. முதலில் தாளில் வரைந்து விரல் வைத்துப் பார்ப்பர்; பின்னர் முப்பரிமாண அச்சில் ஒரு கூடு செய்வர்; அடுத்து அக்ரிலிக் தகட்டை லேசர் கொண்டு வெட்டுவர்; குறை தீர்ந்த பின்னரே அலுமினியத்தைச் சி.என்.சி. எந்திரத்திற் கடைவிப்பர். செலவு மிகும் படியைக் கடைசியில் வைத்தலே இதன் நுட்பம்.

எல்லைப்புறமாதலின் இங்கே தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கு வழங்குகின்றன. கன்னடத்திற்குக் கே.பி. ராவ் அமைத்த பலகை உரோமன் ஒலியைப் பின்பற்றியது. தமிழ் 99இனின்று முற்றும் வேறானது. ஆயினும் உயிர்நீக்கும் குறி அதிலும் 'எஃப்' விசையிலேயே உள்ளது. இருமொழிக்கும் பொதுவான பலகை செய்வார்க்கு இவ்வொற்றுமை நல்ல தொடக்கமாகும்.

6. முடிபு

விசைப்பலகை என்பது விரலுக்கு உரைக்கப்பட்ட எழுத்திலக்கணம். அதனை வெட்டும் தகட்டின் அளவிலேயே எம்மொழியின் எழுத்து முன்நிற்கும், எது மறையும் என்பது முடிவாகிவிடுகின்றது. 12 நிரலுக்குக் குறையாத மேல்வரிசை, விசைமூடியில் தெளிவாகப் பொறித்த தமிழெழுத்து, மொழிமுதல் விதியறிந்த நிரல் என்னும் மூன்றும் தமிழ்ப் பலகைக்கு இன்றியமையாதன என்பது நம் துணிபு. முதலாவது பட்டறையாரால் ஆவது. இரண்டாவது எழுத்துரு வரைவோரால் ஆவது. மூன்றாவதனை நூன்மரபும் மொழிமரபும் பயின்ற தமிழ் மாணவர் எழுதித் தருதல் வேண்டும். மெய்ம்மயக்கம் வரும் இடங்களைச் சங்க இலக்கியம் முதல் இக்கால உரைநடை வரை எண்ணித் தொகுப்பது முதுகலை ஆய்வுக்கு ஏற்ற பொருள். அத்தொகுப்பு வெளிவருமாயின், பலகை செய்வாரின் மேசையில் அதற்கு உடனே பயனுண்டு.